கீழே கிடந்த காசு யாருக்கு?

யூதர்களின் சமயச் சட்டத்துக்கு எபிரேய மொழியில் 'ஹலாகா' என்று பெயர். 'நடத்தல்' என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்த சொல் அது. வழிபாட்டு இடத்தில் செய்ய வேண்டியதை மட்டும் அது சொல்வதில்லை. வேலைக்காரருக்குக் கூலியை எப்போது கொடுப்பது, பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து எவ்வளவு தள்ளிச் சுவர் எழுப்புவது, கடனுக்குப் பிணையாக வாங்கிய போர்வையை இரவில் திருப்பித் தர வேண்டுமா என்பன போன்ற அன்றாடக் கேள்விகள்தான் அதில் அதிகம். சிக்கல் வந்தவர் தம் ஊர் ரபியிடம் கேட்பார். அவருக்கும் விளங்கவில்லை என்றால் அவர் பெரிய அறிஞருக்குக் கடிதம் எழுதுவார். இப்படி எழுதப்பட்ட கேள்விகளும் விடைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன. 1963இல் இஸ்ரேலில் இவற்றைக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியது. இன்று அது பார்-இலான் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற திட்டம்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: கீழே கிடக்கும் பொருளைக் கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? தல்மூத் படிக்கத் தொடங்கும் சிறுவர்களுக்குப் பல யூதப் பள்ளிகளில் முதல் பாடமாக வைக்கப்படுவது இந்தக் கேள்வியைப் பேசும் அத்தியாயம்தான். படைப்புக் கதையையோ கடவுளின் இயல்பையோ விட்டுவிட்டு, தொலைந்த ரொட்டியையும் சிதறிய காசையும் வைத்துச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் வகுப்பறைகளிலும் தினமும் வரும் வழக்கு இது. "சார், இது கீழே கிடந்துச்சு" என்று ஒரு மாணவர் நீட்டும் பென்சிலும் பத்து ரூபாய்த் தாளும் மேசை இழுப்பறையில் போய்ச் சேர்கின்றன. பெரும்பாலும் அதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அங்கேதான் அது தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வசனமும் அதன் இடைவெளிகளும்

மூல விதி எளியது. தமிழ் விவிலியத்தில் இணைச்சட்டம் அல்லது உபாகமம் எனப்படும் நூலின் 22ஆம் அதிகாரம், வழிதவறிப் போன மாட்டையோ ஆட்டையோ கண்டால் உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆடைக்கும் அப்படியே, காணாமற்போன எந்தப் பொருளுக்கும் அப்படியே. பார்த்தும் பாராததுபோல் போய்விடக் கூடாது. யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போய், அந்த மாடு பகைவனுடையதாக இருந்தாலும் திருப்பிக் கொடு என்கிறது.

மாட்டுக்கு இது பொருந்தும். ஊரில் யாருடைய மாடு என்று பத்துப் பேருக்குத் தெரியும். சந்தைத் தெருவில் சிதறிக் கிடக்கும் நான்கு காசுகளுக்கு? உரியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாராவது வந்து 'என்னுடையது' என்றால் கொடுத்துவிடலாமா? எத்தனை நாள் காத்திருப்பது? வசனம் இவற்றுக்கு விடை சொல்வதில்லை. விதிக்கும் வாழ்க்கைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் ஹலாகா வேலை செய்கிறது.

கி.பி. 200ஐ ஒட்டி ரபி யூதா ஹநாசி தொகுத்த 'மிஷ்னா' இதற்கான முதல் பெரிய முயற்சி. அதன் 63 பகுதிகளில் ஒன்று 'பாவா மெட்சியா'. அதன் இரண்டாம் அத்தியாயம் இரண்டு பட்டியல்களோடு தொடங்குகிறது. எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம் என்னும் முதல் பட்டியலில் சிதறிய பழங்கள், சிதறிய காசுகள், கடைக்காரர் சுட்ட ரொட்டிகள், சரமாகக் கோத்த மீன்கள், பொது வழியில் கிடக்கும் சிறு கதிர்க்கட்டுகள் ஆகியவை வருகின்றன. ஊரறியச் சொல்லி உரியவரைத் தேட வேண்டும் என்னும் இரண்டாம் பட்டியலில் பாத்திரத்தில் உள்ள பழங்கள், பையில் உள்ள காசு, வெறும் பை, குவியலாக இருக்கும் காசுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசுகள், வீட்டில் சுட்ட ரொட்டி ஆகியவை இருக்கின்றன.

காரணம் எதுவும் அந்தப் பட்டியல்களில் சொல்லப்படவில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பது படிப்பவரின் வேலை. ஆசிரியர் விளக்கத் தொடங்குமுன் இரண்டிரண்டு மாணவராக உட்கார்ந்து உரக்க வாதிட்டுப் படிப்பது அவர்களின் மரபு. அந்த முறைக்கு 'ஹவ்ருதா' என்று பெயர். அப்படிப் படிக்கும் கூடத்தில் அமைதி இருக்காது. சத்தம் இருந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று பொருள்.

கடை ரொட்டிக்கும் வீட்டு ரொட்டிக்கும் என்ன வேறுபாடு? கடை ரொட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வீட்டில் சுடுபவரின் கை ரொட்டியில் தெரியும். எனவே உரியவர் அடையாளம் சொல்லிக் கேட்க முடியும். இந்த அடையாளத்துக்குச் 'சிமான்' என்று பெயர். சிதறிய காசுக்கு அடையாளம் இல்லை. அடுக்கிய காசுக்கு உண்டு: எத்தனை காசு, எப்படி அடுக்கியிருந்தது என்று வைத்தவரால் சொல்ல முடியும். வசனம் ஏன் ஆடையைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது என்ற கேள்விக்கும் மிஷ்னா இதே வழியில் விடை காண்கிறது. ஆடைக்கு அடையாளங்கள் உண்டு, அதைத் தேடி வரும் உரியவரும் உண்டு. இவ்விரண்டும் உள்ள எல்லாப் பொருளுக்கும் விதி பொருந்தும்.

உரியவரின் மனம்

அடையாளம் பாதி விடைதான். அடையாளம் இல்லை என்பதாலேயே பொருள் எனக்குச் சொந்தமாகிவிடுமா? இங்கே வரும் இரண்டாவது கருத்துத்தான் இந்த அத்தியாயத்தின் உயிர். அது 'யெயூஷ்': உரியவர், 'இனி அது கிடைக்காது' என்று மனத்தில் கைவிட்டுவிடுதல். அவர் கைவிட்ட பிறகு எடுத்தால் பொருள் எடுத்தவருக்கு. கைவிடுமுன் எடுத்தால் அது இன்னும் அவருடையதே. ஆக, தெருவில் கிடக்கும் காசு யாருடையது என்பதை நாம் ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் மனநிலை தீர்மானிக்கிறது. எடுப்பவர் குனிவதற்கு முன் அந்த முகம் தெரியாதவரை நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

இதிலிருந்து புகழ்பெற்ற ஒரு விவாதம் கிளம்புகிறது. நான்காம் நூற்றாண்டில் பாபிலோனியாவில், இன்றைய ஈராக்கில், அபாயே, ராவா என்று இரண்டு அறிஞர்கள் இருந்தனர். தல்மூதின் பக்கங்கள் நெடுக இருவரும் மோதிக்கொள்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: அடையாளம் இல்லாத ஒரு பொருள் விழுந்துவிட்டது, விழுந்தது உரியவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் நிச்சயம் கைவிட்டுவிடுவார். இப்போது எடுத்தவர் வைத்துக்கொள்ளலாமா? தெரிந்ததும் கைவிடப்போகிறவர்தானே, இப்போதே கைவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறார் ராவா. அவருக்குத் தெரியவே தெரியாதபோது எப்படிக் கைவிட்டிருப்பார், இந்த நிமிடம் அது அவர் பொருள் என்கிறார் அபாயே.

அபாயே சொல்வது சரியென்றால் உடனே ஓர் இடி விழுகிறது. சிதறிய காசை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்று மிஷ்னா சொல்லிவிட்டதே? காசு விழுந்தது உரியவருக்குத் தெரியாமல் இருக்கலாமே? இதற்கு வரும் விடை, மனிதரைக் கூர்ந்து பார்த்த ஒருவர் சொன்னது: மனிதர் அடிக்கடி தம் காசுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எனவே நீங்கள் அந்தக் காசைக் காணும்போது அவர் இழப்பை அறிந்து கைவிட்டிருப்பார். பேருந்தில் ஏறியதும் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருவரும் மோதும் இடங்களில் பெரும்பாலும் ராவாவின் கருத்தே சட்டமாகும். அபாயே வெல்லும் ஆறே இடங்களில் இது ஒன்று. தோற்ற ராவாவின் வாதத்தை நீக்கிவிடாமல் முழுமையாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இன்றும் சிறுவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

ரபி யிர்மியா என்ற ஒருவர் வருகிறார், எல்லா வகுப்பிலும் இருக்கும் ஒரு மாணவர் மாதிரி. சிதறிய தானியம் என்றால் எவ்வளவு என்று கேட்டபோது, நான்கு முழப் பரப்பில் ஒரு 'கவ்' அளவு என்று விடை வந்தது. அவர் விடவில்லை. இரண்டு முழத்தில் அரை கவ் என்றால்? எட்டு முழத்தில் இரண்டு கவ் என்றால்? எள்ளாக இருந்தால்? பொறுக்கக் கடினம், ஆனால் விலை அதிகம். பேரீச்சையாக இருந்தால்? எதற்கும் விடை கிடைக்கவில்லை. 'தெய்கு', அதாவது 'அப்படியே நிற்கட்டும்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். இன்னோரிடத்தில், புறாக் கூண்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் கிடக்கும் குஞ்சு கூண்டுக்காரருக்கு, அதற்கு வெளியே கிடப்பது எடுத்தவருக்கு என்று விதி சொல்லப்படுகிறது. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்தால் என்று கேட்டார் யிர்மியா. அதற்காக அவரைப் படிப்பகத்தை விட்டே வெளியேற்றியதாகத் தல்மூத் சொல்கிறது. பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கேள்வி மட்டும் ஏட்டில் நிலைத்துவிட்டது.

பத்திரமாக வைத்திருப்பது எப்படி

அடையாளம் உள்ள பொருளை எடுத்தாகிவிட்டது, ஊருக்கும் சொல்லியாகிவிட்டது. உரியவர் வரும்வரை என்ன செய்வது? இழுப்பறையில் பூட்டி வைப்பது போதாது என்கிறது மிஷ்னா. கண்டெடுத்தது புத்தகச் சுருள் என்றால் முப்பது நாளுக்கு ஒருமுறை அதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் சுருளை விரித்துச் சுருட்டினால் போதும், இல்லையென்றால் அது கெட்டுவிடும். ஆனால் புதிய பாடம் எதையும் அதில் படிக்கக் கூடாது. திரும்பத் திரும்பப் புரட்டினால் சுருள் தேயும். ஆடையை முப்பது நாளுக்கு ஒருமுறை உதற வேண்டும். ஆடையின் நலனுக்காக அதை விரித்துப் போடலாம், தம் பெருமைக்காகப் போடக் கூடாது. வேலை செய்து தீனி தின்னும் விலங்கு வேலை செய்து தின்னட்டும். வேலை செய்யாமல் தின்பதை விற்றுப் பணத்தை வைத்திருக்க வேண்டும்.

ரபி ஹனினா பென் தோசா பற்றிய கதை இங்கே சொல்லத் தக்கது. அவர் வறுமைக்குப் பெயர் போனவர். வழிப்போக்கர் ஒருவர் அவர் வீட்டு வாசலில் கோழிகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். முட்டைகளைத் தின்னக் கூடாது என்றார் ஹனினா. முட்டைகள் குஞ்சுகளாகிக் கோழிகள் பெருகி வீடு கொள்ளாமல் போயிற்று. விற்று ஆடுகள் வாங்கினார்கள். ஒரு நாள் அந்த ஆள் அதே வழியில் போகும்போது, "இங்கேதான் என் கோழிகளை விட்டேன்" என்று தம் நண்பரிடம் சொன்னது ஹனினாவின் காதில் விழுந்தது. "அடையாளம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். சொன்னார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். எவ்வளவு உயர்ந்த மனிதர் என்றாலும் ஹனினா முதலில் கேட்டது அடையாளத்தைத்தான் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஏமாற்றுக்காரர் என்று தெரிந்தவருக்கு, அடையாளம் சொன்னால்கூடக் கொடுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

அறிவிப்பதற்கு எருசலேமில் இதற்கென்றே ஒரு கல் இருந்தது என்கிறது தல்மூத். தொலைத்தவரும் எடுத்தவரும் அங்கே போய்ச் சொல்வார்கள். கோயில் அழிந்தபின் தொழுகைக் கூடங்களில் அறிவித்தார்கள். பிறகு, கண்டெடுத்ததெல்லாம் அரசருக்கே என்று பறிக்கும் ஆட்கள் பெருகியதும், அண்டை வீட்டாரிடமும் தெரிந்தவரிடமும் சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். நோக்கத்தை விடாமல், காலத்துக்கேற்ப வழியை மாற்றிக்கொண்டார்கள். இன்றைய இஸ்ரேலில் 1973ஆம் ஆண்டின் தொலைந்த பொருள் சட்டம் காவல் துறையிடம் தெரிவிக்கச் சொல்கிறது. நான்கு மாதத்தில் உரியவர் தெரியவராவிட்டால் அவர் கைவிட்டுவிட்டதாகக் கொள்ளப்படும், பொருள் எடுத்தவருக்குப் போகும். நாடாளுமன்றச் சட்டத்தில் அந்தப் பழைய 'யெயூஷ்' உட்கார்ந்திருக்கிறது.

சட்டத்துக்குச் சற்று உள்ளே

சட்டப்படி எனக்குரியது என்று ஆனபின்னும் திருப்பிக் கொடுப்பவரை என்ன சொல்வது? அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'சட்டத்தின் கோட்டுக்கு உள்ளே நிற்பது' என்பது அதன் பொருள். கடைசி அங்குலம் வரை உரிமை கொண்டாடாமல் முன்னதாகவே நின்றுவிடுதல். ஷ்முவேல் என்ற அறிஞரின் தந்தை பாலைநிலத்தில் கண்ட கழுதைகளைப் பன்னிரண்டு மாதம் கழித்தும் உரியவரிடம் சேர்த்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இதே பாவா மெட்சியாவில், தொலைந்த பொருளுக்குத் தொடர்பில்லாத இன்னொரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ரப்பா என்பவரின் மதுப் பீப்பாயைச் சுமைகூலிகள் உடைத்துவிட்டார்கள். நட்டத்துக்கு ஈடாக அவர்களின் மேலாடைகளை அவர் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற நடுவரிடம் போனார்கள். ஆடைகளைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். "இதுதான் சட்டமா?" என்று கேட்டார் ரப்பா. "ஆம்" என்று சொல்லி, நல்லோர் வழியில் நடக்கச் சொல்லும் நீதிமொழி ஒன்றை எடுத்துக்காட்டினார். கூலிகள் போகவில்லை. நாங்கள் ஏழைகள், நாளெல்லாம் உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்கள். "கூலியையும் கொடு" என்றார் ராவ். "இதுவும் சட்டமா?" "ஆம்." சட்டப்படியான விடை என்ன என்று ராவுக்குத் தெரியாமலில்லை. யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் என்று பார்த்துத்தான் அவர் 'ஆம்' என்றார்.

இந்த மரபின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. பழைய சட்டம் திருப்பித் தரும் கடமையை யூதருக்குள் மட்டுமே கட்டாயமாக்கியது. அது உள்ளிருந்தே கேள்விக்கு உள்ளானது. தமக்காக மாணவர்கள் வாங்கிய கழுதையின் கழுத்தில் முத்து இருந்ததை அறிந்த ஷிமோன் பென் ஷேதா, விற்ற அயலாரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்த கதையை எருசலேம் தல்மூத் பெருமையோடு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சில் வாழ்ந்த மெயிரி, அறநெறிக்குக் கட்டுப்பட்ட எல்லா மக்களுக்கும் இந்தக் கடமை பொருந்தும் என்று எழுதினார். பழைய சட்டம் எதுவாக இருந்தாலும், 'இது யாருக்குப் பொருந்தும், யாரை விட்டுவிட்டது?' என்று கேட்கும் பழக்கம் மாணவர்களுக்கு வேண்டும்.

வகுப்பில்

ஆறாம் வகுப்புக்கு மேல் ஒரு பாடவேளையில் இதைச் செய்து பார்க்கலாம். சமயப் பாடமாக அல்ல, காரணம் தேடும் பயிற்சியாக. மிஷ்னாவின் இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள், அதுதான் நமக்குக் கடினம். இரண்டிரண்டு பேராக விதியைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு நம் காலத்துப் பொருள்களைக் கொடுங்கள்: பேனா, பெயர் எழுதாத புத்தகம், செருப்பில் ஒன்று மட்டும், கைபேசி, பென் டிரைவ், ஐந்நூறு ரூபாய்த் தாள். தாளில் வரிசை எண் இருக்கிறதே, அது அடையாளமா என்று ஒருவர் கேட்பார். தம் தாளின் எண்ணை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவர் மறுப்பார். பென் டிரைவில் உரியவரைத் தேட உள்ளே திறந்து பார்க்கலாமா என்ற கேள்வி வரும்போது, சுருளை விரிக்கலாம், ஆனால் புதிய பாடம் படிக்கக் கூடாது என்ற விதியை நினைவூட்டலாம். முடிவை ஆசிரியர் சொல்ல வேண்டாம். விடை கிடைக்காத கேள்வியைச் சுவரில் 'அப்படியே நிற்கட்டும்' என்று எழுதி ஒட்டிவிடலாம்.

அத்தியாயத்தின் கடைசி விதி ஆசிரியர்களான நம்மைப் பற்றியது. தந்தை தொலைத்த பொருளும் ஆசிரியர் தொலைத்த பொருளும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் எதை முதலில் தேடிக் கொடுப்பது? ஆசிரியருடையதை என்கிறது மிஷ்னா. தந்தை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் மறுவுலக வாழ்வுக்குக் கொண்டுசேர்க்கிறார். தந்தையே அறிஞர் என்றால் தந்தையுடையதுதான் முதலில். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த மோசே இசர்லெஸ் இதற்கு ஒரு குறிப்பு சேர்த்தார்: ஆசிரியருக்கு முன்னுரிமை அவர் இலவசமாகக் கற்பித்தால்தான், கட்டணத்தைத் தந்தை கொடுத்திருந்தால் தந்தைக்கே முன்னுரிமை என்போர் உண்டு. அரசு சம்பளம் கொடுக்க, பிள்ளைகள் இலவசமாகப் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் இதில் எந்தப் பக்கம் வருவார்? இதையும் எட்டாம் வகுப்பிடம் கேட்டுப் பாருங்கள்.